பிள்ளைகளின் குரல் காதில் விழ வேண்டும்

கேள்வி: ஐயா, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் எட்டுப் பேருக்கு மாலையில் ஸூம் வழியாக வாசிப்பு சொல்லித் தருகிறேன். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. பிள்ளைகள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். ஒரு மாணவியின் வீட்டில் அப்பாவின் கைப்பேசி மட்டுந்தான். அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகிறது. காசு கட்டலாமா, வேறு செயலிக்கு மாறலாமா?
– ஓர் ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம், டீச்சர். பத்து வயதுப் பிள்ளை திரை முன் உட்கார 40 நிமிடமே அதிகம். கூகுள் மீட்டில் இலவசமாக ஒரு மணி நேரம் கிடைக்கும்தான். ஆனால் வாசிப்பு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் குரலும் உங்கள் காதில் தனியாக விழ வேண்டும். எட்டுப் பேரும் சேர்ந்து வாசித்தால் ஒலி ஆளுக்கொரு தாமதத்தில் வந்து சேர்கிறது; செயலியும் ஓங்கிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுகிறது. மெல்லப் பேசுகிற பிள்ளைதான் முதலில் காணாமல் போகும்.

இந்த வேலைக்குப் புலனத்தின் (வாட்ஸ்அப்) குரல் பதிவை மிஞ்சிய கருவியை நான் பார்த்ததில்லை. தினமும் நாலு வரி வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். 'கிழவி வாழைப்பழம் வாங்கினாள்' என்ற வரியில் ழகரம் எங்கே ளகரமாக நழுவுகிறது என்று நிறுத்தி, மறுபடி ஓட்டிக் கேட்கலாம். நேரடி வகுப்பில் இதற்கு ஏது நேரம்? பதிலையும் உங்கள் குரலிலேயே அனுப்புங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தவறிய அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாகச் சொல்லிக் காட்டுங்கள். பிள்ளை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும்.

அப்பாவின் கைப்பேசிக்குக் காத்திருக்கும் மாணவிக்கும் இதுதான் வழி. ஒன்பது மணிக்கு மேல் வாசித்து அனுப்பட்டும், நீங்கள் காலையில் கேளுங்கள். ஒரு நிமிடப் பதிவு ஒரு மெகாபைட்கூட ஆகாது. காணொளி வகுப்போ மணிக்குப் பல நூறு மெகாபைட் விழுங்கும். ப்ரீபெய்டு சிம்மில் ஓடும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதே நம் பெற்றோருக்குப் புலனம் வழியாகப் பாடம் வாங்கிப் பழகிவிட்டது.

பதிவுகளைக் குழுவில் போட வைக்காதீர்கள். திக்கித் திக்கி வாசிப்பதை மற்றவர்கள் கேட்டால் கூச்சம் வரும், அப்புறம் வாயே திறக்காது. தனித்தனியாக, பெற்றோர் எண்ணிலிருந்தே வரட்டும். புலனத்துக்குக் குறைந்தபட்ச வயது 13.

கேமராவுக்கு வற்புறுத்த வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் தம்பி தூங்குவதும் துணி காய்வதும் அதே கூடத்தில்தான். அதை ஏழு வீட்டாருக்குக் காட்ட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

ஸூமை நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறை கதை பேச, கேள்வி கேட்க அது வேண்டும். எழுத்துப் பயிற்சியைப் படம் பிடித்து அனுப்பும்போது மட்டும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாகப் போனால் புலனம் அதைச் சுருக்கிவிடும். மெய்யெழுத்துக்குப் பிள்ளை புள்ளி வைத்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.