பக்கத்து வயலில் ஊசிப்புழு: என் தக்காளிக்கு ஆபத்தா?

கேள்வி: இராயக்கோட்டை அருகே ஒரு ஏக்கரில் தக்காளி நட்டு 20 நாள் ஆகிறது. காய்ப்பு ஓய்ந்த பக்கத்து வயலில் ஊசிப்புழு என்கிறார்கள். என் செடிகளிலும் இலையில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. உடனே மருந்து அடிக்கட்டுமா?

பதில்: தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், அந்த இலையில் ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோலம் இழுத்ததுபோல் மெல்லிய கோடு வளைந்து வளைந்து போனால், அது இலை துளைக்கும் ஈயின் வேலை. அடி இலைகளோடு நின்றால் பயப்பட வேண்டாம். ஊசிப்புழு குடைந்த இடம் அகன்று, கொப்புளம் போன்ற திட்டாகிவிடும். உள்ளே கறுப்பு எச்சம் ஒதுங்கியிருக்கும். புழு நெளிவதும் தெரியும்.

ஊசிப்புழு என்பது தென் அமெரிக்க அந்துப்பூச்சி ஒன்றின் புழு. 2006இல் ஸ்பெயினில் நுழைந்தது. 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டு, பிறகு நம் பக்கம் வந்தது. நாற்றோடும் பழக்கூடையோடும் ஊர் ஊராகப் பயணம் செய்யும். ஒரு தாய் அந்துப்பூச்சி 260 முட்டை வரை இடும்; வெயில் காலத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார்.

இலையில் திட்டு இல்லாவிட்டாலும் உங்கள் வயலுக்கு ஆபத்து அதிகம் என்றே சொல்வேன். காரணம் அந்தப் பழைய வயல். விலை இறங்கியதும் செடியை அப்படியே விட்டுவிடுவது நம்மவர் வழக்கம் (அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பிடுங்கும் கூலி யார் தருவது?). அங்கே செடி காயக் காய, அந்துப்பூச்சி உங்கள் இளந்தளிரைத் தேடி வரும். வரப்பில் மணத்தக்காளி இருந்தால் அதிலும் தங்கும்.

ஊசிப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுப்பது) இரண்டு மூன்றை, ஒன்று அந்த வரப்போரமாக இருக்கும்படி, இன்றே வையுங்கள். விழுவது ஆண் பூச்சி மட்டுமே. பொறி நிறைந்ததால் பயிர் தப்பியது என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் இரண்டு முறை எண்ணிக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை ஏறி, இலையிலும் திட்டு தென்பட்டால்தான் மருந்து. அப்போதும் பைரித்ராய்டு என்ற இரசாயனப் பூச்சிமருந்து வகை வேண்டாம். பல இடங்களில் இந்தப் புழு அதற்கு அசைவதில்லை. திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளி, வரப்பில் வீசாமல், பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசலில் தொடங்கி, பிறகு வேளாண் அலுவலர் சொல்லும் மருந்துகளை வகை மாற்றித் தெளிக்கலாம். பக்கத்து வயல்காரர் சம்மதித்தால், இரண்டு ஆள் கூலியை நீங்களே கொடுத்தாவது அந்தச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். மருந்துச் செலவை விட அது குறைவாகத்தான் ஆகும்.