மணல் தரையில வில்லோ வைக்கலாமா?

மிச்சிகன்ல வீடு வாங்கியிருக்குற வாசகர் ஒருத்தர் கேட்ருக்காங்க: "பின்பக்கம் பூரா மணலு, நாள் முழுக்க வெயில், தண்ணி ஊத்துனா நிக்கவே மாட்டேங்குது. நர்சரில பிரெய்ரி வில்லோ வைங்கன்றாங்க. வில்லோன்னா ஆத்தோரத்து மரமாச்சே, காஞ்சிடாதா? வேர் பைப்பை உடைச்சிடாதா?"

தாராளமா வைங்க. நீங்க சொல்றது பெரிய வில்லோ மரங்களுக்குத்தான் பொருந்தும், பிரெய்ரி வில்லோ (சாலிக்ஸ் ஹியூமிலிஸ்) வட அமெரிக்காவோட கிழக்குப் பாதியில காஞ்ச புல்வெளி, மணல் மேடு, பைன் காட்டு ஓரம்னு தானா வளர்ற புதர். சாதாரணமா 1லருந்து 3 மீட்டர் போகும், இதுலயே டிரிஸ்டிஸ்னு ஒரு குட்டி வகை இருக்கு, அது பெரும்பாலும் 1 மீட்டரைத் தாண்டாது, உங்க இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். பைப் பயம் இருந்தா நல்லா தள்ளியே வைங்க.

வாங்குறப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க, புஸ்ஸி வில்லோன்னு இன்னொண்ணு இருக்கு, அது ஈர மண்ணு கேக்கும், உங்க மணல்ல கஷ்டப்படும். நல்லா விரிஞ்ச இலையைத் திருப்பிப் பாருங்க, பிரெய்ரி வில்லோல அடிப்பக்கம் சாம்பல் கலர்ல ரோமமா இருக்கும், புஸ்ஸி வில்லோல முத்துன இலை அடியில வெளுப்பா, ஏறக்குறைய ரோமமே இல்லாம இருக்கும்.

குழியில கம்போஸ்ட், உரம் எதுவும் கொட்டாதீங்க, அந்த மணலையே போட்டு மூடுங்க. ஆனா முதல் கோடையில மழை இல்லேன்னா வாரம் ஒருதடவை ஆழமா தண்ணி விட்டே ஆகணும், வறட்சி தாங்குற செடின்னு சொல்லி நட்ட கையோட விட்டுட்டா போயிடும், வேர் கீழ இறங்குற வரைக்கும்தான் இந்தப் பாடு.

ஆண் செடி, பெண் செடி தனித்தனி. முடிஞ்சா ரெண்டுமா கலந்து மூணு நாலு வைங்க, ஏன்னா வசந்தத்துல இலை வர்றதுக்கு முன்னாடியே இது பூத்துடும், வேற பூவே அதிகமில்லாத நேரம், ஆண்ட்ரீனான்னு மண்ணுல வளை தோண்டி வாழ்ற தேனீக்கள்ல சில வகை வில்லோ மகரந்தத்தை மட்டுமேதான் குஞ்சுக்குச் சேர்க்கும். உங்க மணல் தரை அதுக வளை தோண்டவும் தோதான இடம், அதனால சுத்தி கொஞ்சம் வெறும் தரையா விடுங்க, மல்ச் (மண்ணு மேல பரப்புற மரத்தூள், சருகு) போட்டு மூடிடாதீங்க ப்ளீஸ்.

கிளை நுனியில பைன் காய் மாதிரி ஒண்ணு வந்தா நோய்னு மருந்தடிக்காதீங்க, அது ஒரு குட்டிக் கொசு மாதிரிப் பூச்சி கட்டுற வீடு, செடி சாகாது. முயலும் மானும்தான் நிஜத் தொந்தரவு, ரெண்டு மூணு வருஷத்துக்கு கம்பி வலை போடுங்க. கத்தரிக்கணும்னா பூத்து முடிஞ்ச உடனே பண்ணுங்க, அடியோட வெட்டுனாலும் வேர்லருந்து துளிர்த்துடும், ஆனா இலையுதிர் காலத்துல வெட்டுனீங்கன்னா அடுத்த வருஷப் பூமொட்டெல்லாம் அதோட போயிடும்.