சங்கின் எந்தப் பகுதி அதன் இனத்தைச் சொல்கிறது?

கேள்வி: சங்குகளையும் சோழிகளையும் பல கோணங்களில் கைத்தொலைபேசியில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவங்களாக மாற்றி வருகிறோம். இனம் பிரிக்க உருவம் முழுவதையும் ஒப்பிட வேண்டுமா, தனித்தன்மையுள்ள பகுதிகள் மட்டும் போதுமா? அப்பகுதிகளைக் கணினி எவ்வாறு கண்டறிகிறது? வலம்புரியையும் இம்முறையில் பிரித்தறியலாமா?
- ஒரு மாணவி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பல வேளைகளில் பகுதிகளே போதும். ஆனால் எடுப்பாகத் தெரியும் இடமெல்லாம் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் இடமாகிவிடாது. லீ, வர்ஷ்ணி, ஜேக்கப்ஸ் ஆகிய கணினி ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் வெளியிட்ட முறை, மேற்பரப்பில் ஓரிடத்தின் வளைவு சுற்றுப்புறத்து வளைவிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்பதைப் பல அளவுகளில் கணித்து, மாறுபாடு மிகுந்த இடங்களைக் குறித்துக் காட்டுகிறது. சங்கின் முதுகில் ஒட்டிய கடற்புழுக் கூட்டையும், பளபளப்பினால் உருவத்தில் தோன்றிய பொய்மேட்டையும்கூட அது முன்னிறுத்திவிடக் கூடும்.

உங்கள் தேவைக்கு 2007இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஷிலேன், ஃபங்க்ஹவுசர் இருவரும் வெளியிட்ட வழியே பொருத்தமானது. உருவத்தின் மேல் ஆங்காங்கே புள்ளிகளைத் தெரிந்து, அவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகப் பகுதிகளை வகுத்து, ஒவ்வொன்றின் வடிவத்தையும் எண்வரிசையாக்கி, ஏற்கெனவே வகைபிரித்து வைத்த தொகுப்பிலுள்ள மற்ற உருவங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்புமைப் பட்டியலின் முன்வரிசையில் சொந்த இனத்தவை வந்தால் அப்பகுதிக்கு மதிப்பெண் கூடும். பிற இனங்கள் கலந்து வந்தால் குறையும். ஆகவே தொகுப்பை மாற்றினால் தனித்தன்மையுள்ள இடமும் மாறும். எதிரே சோழிகள் மட்டும் இருந்தால் சங்கின் கூம்பிய சுருளே போதும். வேறு சுருள் ஓடுகளும் சேர்ந்துவிட்டால், கோயில்களில் ஊதும் வெண்சங்கின் வாய்க்குள்ளே நடுத்தண்டில் 3 அல்லது 4 வரம்புகளாக ஓடும் மடிப்புகளைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சிக்கல் என்னவென்றால், பொதுவாக எடுக்கும் படங்களில் அந்த இடம் இருளாகவே விழும். வாயை வெளிச்சத்துக்குத் திருப்பி அதற்கென்று நெருக்கத்தில் தனிப் படங்கள் எடுங்கள்.

வலம்புரி விடயத்தில் கவனம் வேண்டும். வலம்புரியும் இடம்புரியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. உருவத்தை எப்படித் திருப்பினாலும் மாறாத எண்களைத் தருவதற்காகவே விரும்பப்படும் கோள இசைச் சார்புகளின் (spherical harmonics: வடிவத்தைக் கோளத்தின் மேலான அலைகளாகப் பிரிக்கும் கணிதம்) ஆற்றல் மதிப்புகள், அதாவது அந்த அலைகளின் வலிமைகள், பிம்பத்துக்கும் அதே எண்களையே தருகின்றன; புள்ளிகளுக்கிடையிலான தூரங்களைத் தொகுக்கும் முறையும் அப்படியே. எனவே தனியாக ஒரு சோதனையைச் சேர்க்க வேண்டும்: சுருளின் கூர்முனையை மேலாகவும் வாயை நம்மை நோக்கியும் நிறுத்தினால், இடம்புரியின் வாய் நமக்கு வலப்பக்கமாகவும் வலம்புரியின் வாய் இடப்பக்கமாகவும் இருக்கும். படங்களை முன்பக்கக் கமராவில் எடுக்கவே வேண்டாம். அது சில தொலைபேசிகளில் இடவலம் புரட்டிச் சேமிப்பதால், கையிலுள்ள இடம்புரியெல்லாம் கணினியில் வலம்புரியாகிவிடும்.