யோமன்ரி அதிகாரியின் பெயர் பதிவேட்டில் இல்லாதது குறித்து

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இம்பீரியல் யோமன்ரி என்ற தன்னார்வக் குதிரைப்படையில் லெப்டினன்டாக இருந்தவரின் பெயர் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 128 தொகுப்பில் இல்லை என்றும், முதல் உலகப்போரின்போது 1915-இல் துருக்கியின் கலிப்போலியில் எடுத்த படத்தில் அவரிடம் குதிரையே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இவற்றை வைத்து அவருடைய சேவையையே சந்தேகிக்க வேண்டாம். அத்தொகுப்பில் இருப்பவை சாதாரண வீரர்கள் படையில் சேரும்போது கையெழுத்திட்ட தாள்கள். அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் விலகலும் பிரிட்டனின் அரசிதழான லண்டன் கெஜட்டில்தான் வெளியாயின. அப்படை 1899 டிசம்பர் இறுதியில்தான் உருவானது என்பதால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1900-ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

டபிள்யூ.ஓ. 100 என்ற பதக்கப் பட்டியலையும் அவசியம் பாருங்கள். அதில் அதிகாரிகளும் உண்டு. பெயருக்கு நேரே குறித்திருக்கும் 'கேப் காலனி', 'டிரான்ஸ்வால்' போன்ற பட்டைகள் (பதக்க நாடாவில் பொருத்தும், இடப்பெயர் பொறித்த உலோகத் துண்டுகள்) அவர் எந்தப் பகுதிகளில் பணியாற்றினார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். என் கணிப்பில், உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது இதுதான்.

முதல் உலகப்போருக்கு, பிராந்தியப் படை (பகுதிநேரத் தன்னார்வப் படை) அதிகாரிகளின் கோப்புகளான டபிள்யூ.ஓ. 374-ஐயும், ரெஜிமென்டுகளின் போர் நாட்குறிப்புகளான டபிள்யூ.ஓ. 95-ஐயும் நாடலாம். படத்தில் குதிரை இல்லாததில் வியப்பில்லை: இரண்டாம் குதிரைப்படை டிவிஷனின் யோமன்ரி ரெஜிமென்டுகள் குதிரைகளை எகிப்திலேயே விட்டுவிட்டு கலிப்போலியின் சுவ்லாவில் இறங்கி, 1915 ஆகஸ்ட் 21 அன்று சிமிட்டர் குன்றைக் காலாட்படையாகவே தாக்கிப் பேரிழப்பைச் சந்தித்தன.