முள் கால் டேங்க் காட்டுது, வண்டி நின்னுபோச்சு: பழைய டீசல் பிக்கப் கேள்வி பதில்

மாட்டுத்தாவணி பக்கம் வயரிங் பட்டறை வச்சிருக்கேன். பழைய பிக்கப், குட்டி யானை, லோடு ஜீப்பு எல்லாம் பார்க்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்வி அத்தனையும் டீசல் மீட்டரைப் பத்தித்தான். பெட்ரோல் வண்டி காலியானா கேன்ல வாங்கி ஊத்திட்டுப் போயிரலாம். டீசல் வண்டி வறண்டு நின்னா ஏர் எடுக்கணும் (பைப்புல புகுந்த காத்தை வெளியேத்தணும்), பம்ப்பும் அடிவாங்கும். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நிலக்கோட்டையில இருந்து மல்லிகை லோடு ஓட்டுறேன் அண்ணே. 2009 மாடல் பிக்கப். முள் கால் டேங்க் காட்டும்போதே வாடிப்பட்டி தாண்டி வண்டி நின்னுபோச்சு. பத்து லிட்டர் ஊத்தி ஏர் எடுத்ததும் ஓடிருச்சு. மீட்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்தவா?

மாத்தாதீங்க தம்பி. மீட்டர் கடைசியா சந்தேகப்பட வேண்டிய சாமான். டேங்க்குக்குள்ள ஒரு மிதவை (ஃப்ளோட்) இருக்கு, அதோட கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) பட்டை மேல உரசிக்கிட்டே ஏறி இறங்கும். அந்த மின்தடை அளவைத்தான் (ஓம்) முள் காட்டுது. வாடகை வண்டியில யாரும் டேங்க்கை நிரப்புறதில்லை, அன்னன்னைக்குக் கிடைச்ச காசுக்குப் போடுறோம். வருசக்கணக்கா கால் டேங்க்குக்கும் அரை டேங்க்குக்கும் நடுவுலயே கம்பி உரசுறதால அந்த இடத்துல பட்டை தேஞ்சுபோகும். டீசல் இறங்கினாலும் முள் அங்கேயே நிக்கும்.

சோதனை இதுதான். சாவியை ஆன் பண்ணிட்டு, டேங்க் மேல இருக்கிற ஃப்ளோட் கப்ளரை (வயர் சேருற சாக்கெட்) கழட்டுங்க. முள் ஒரு கோடிக்குப் போகணும். இப்ப மீட்டருக்குப் போற வயரை சேஸிஸ்ல வெறும் இரும்பு தெரியிற இடத்துல தொடுங்க, முள் மறு கோடிக்கு வரணும். வந்ததும் உடனே எடுத்திருங்க, பிடிச்சுக்கிட்டே இருந்தா மீட்டர் கருகிரும். எந்தக் கோடி ஃபுல், எந்தக் கோடி காலிங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெண்டு பக்கமும் போயிருச்சுன்னா மீட்டரும் வயரும் நல்லாயிருக்கு, கோளாறு ஃப்ளோட்லதான். அதை வெளிய எடுத்து, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு, கம்பியைக் கையால மெதுவா தூக்குங்க. அளவு சீரா மாறணும். நடுவுல குதிச்சாலோ அப்படியே நின்னாலோ ஃப்ளோட்டை மட்டும் மாத்துங்க. கட்டை கட்டையா டீசல் அளவு காட்டுற எலக்ட்ரானிக் மீட்டர்ல மட்டும் வயரை சேஸிஸ்ல தொடுற இந்த எர்த் சோதனை வேண்டாம்.

இன்னொண்ணும் இருக்கு. வண்டி நின்ன நேரத்துல டேங்க்ல நிஜமாவே டீசல் இருந்துச்சுன்னா, முள் சொன்னது சரிதான். உள்ள இருக்கிற, டீசலை உறிஞ்சுற சக்‌ஷன் பைப் கீறல் விட்டிருக்கும். டீசல் கீறலுக்குக் கீழ போனதும் காத்தை இழுக்கும், பத்து லிட்டர் ஊத்தினதும் கீறல் மூழ்கி வண்டி ஓடிரும். அடுத்த தடவை நின்னா, ஊத்துறதுக்கு முன்னாடி டேங்க் அடியில வடிக்கிறதுக்கு இருக்கிற டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்தி, உள்ள எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பூ லோடோட நிக்கிற பதட்டம் எனக்குப் புரியுது. அதனால கண்டுபிடிக்கிற வரைக்கும் அரை டேங்க்குக்குக் கீழ இறங்க விடாதீங்க.

திருமங்கலம் சந்தைக்கு ஆடு ஏத்துறேன். முள் ஆடிக்கிட்டே இருக்கு. பிரேக் மிதிச்சா இறங்குது.

எர்த் கோளாறு, அதாவது கரண்ட் சேஸிஸ் வழியா திரும்புற இணைப்பு சரியில்லை. பிரேக் மிதிச்சா முள் மாறுதுன்னா பின்பக்க எர்த் கெட்டிருக்கு, ஃப்ளோட்டும் பின் லைட்டும் ஒரே எர்த்தைப் பங்கு போடுது. பார்க் லைட் போட்டா மாறுதுன்னா டேஷ்போர்டு எர்த்தைப் பாருங்க. ஆட்டு வண்டியில மூத்திரம் பலகை இடுக்கு வழியா இறங்கி கப்ளர் மேல விழும், பித்தளையே பச்சை பூத்துப்போகும். கப்ளரைக் கழுவிக் காய வச்சு, பச்சையைச் சுரண்டுங்க. ஃப்ளோட் மூடி ஸ்க்ரூவுல இருந்து சேஸிஸுக்குத் தனியா ஒரு எர்த் வயர் இழுங்க. வயர் உட்காருற இடத்துல பெயிண்டைச் சுரண்டி, முறுக்கின பிறகு கிரீஸ் தடவுங்க. மேல ஒரு ரப்பர் ஷீட்டும் கட்டிருங்க, இல்லைன்னா திரும்பவும் பூக்கும்.

டீசல் முள், டெம்பரேச்சர் முள் ரெண்டும் சேர்ந்து ஏறுது.

முதல்ல இன்ஜின் நிஜமாவே சுடுதான்னு பாருங்க. சுடலைன்னா, மீட்டருக்குப் பின்னாடி இருக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருச்சு, இல்லைன்னா அதுக்குப் போற எர்த் விட்டிருக்கு. ரெண்டு முள்ளுக்கும் அது ஒண்ணுதான் கரண்ட் குடுக்குது.

மேலூர்ல புது ஃப்ளோட் வாங்கிப் போட்டேன். ஃபுல் பண்ணினா காலின்னு காட்டுது.

வேற மாடல் ஃப்ளோட். சில வண்டியில டேங்க் நிறைஞ்சா ஓம் கூடும், சிலதுல குறையும். வயரை மாத்தி மாட்டினா சரியாகாது. பழைய ஃப்ளோட்டைக் கையில எடுத்துட்டுப் போய், கடையில மல்டிமீட்டர் வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு வாங்குங்க.

ஒட்டன்சத்திரத்துல இருந்து பரவை மார்க்கெட்டுக்கு எங்க வண்டி காய்கறி ஏத்திட்டுப் போகுது. கணக்கு நான்தான் பார்க்கிறேன். ஃபுல் டேங்க் போட்டா ரொம்ப தூரத்துக்கு முள் அசையுறதில்லை, அரைக்குக் கீழ விறுவிறுன்னு இறங்குது. டிரைவர் டீசலை எடுக்கிறாரோன்னு சந்தேகமா இருக்குங்க.

அம்மா, முள்ளை வச்சு ஒரு மனுசன் மேல பழி போடாதீங்க. இந்த ஒரு கேள்விக்காகவே இன்னைக்கு உட்கார்ந்து எழுதணும்னு நினைச்சேன். எங்க பட்டறைக்கு வர்ற ஒரு டிரைவர் தம்பி இப்படித்தான் வேலையை இழந்தாப்ல. பிறகு டேங்க்கைப் பிரிச்சா மிதவைக்குள்ள டீசல் புகுந்து, அது பாதி முழுகிக் கிடந்துச்சு, அதனாலதான் முள் குறைச்சுக் காட்டியிருக்கு.

மிதவை டேங்க்கோட உச்சி வரைக்கும் ஏறாது. அதுக்கு மேல இருக்கிற டீசல் தீர்ற வரைக்கும் முள் ஃபுல்லுலயே நிக்கும். டேங்க் அடிப்பக்கம் குறுகலா இருந்தா அதே அஞ்சு லிட்டர் கீழ வரும்போது முள்ளை வேகமா இறக்கும். நீங்க சொல்றது பழைய வண்டியில சாதாரணமா நடக்கிறதுதான்.

கணக்குக்கு வேற வழி இருக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப், தானா கட் ஆகிற வரைக்கும் ஃபுல் பண்ணி கிலோமீட்டரைக் குறிங்க. அடுத்த தடவையும் அதே மாதிரி ஃபுல் பண்ணி, ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால வகுங்க. நாலஞ்சு தடவை எழுதினா மைலேஜ் தெளிவா தெரியும். பங்க் மேல சந்தேகம்னா அஞ்சு லிட்டர் அளவுப் பாத்திரத்துல பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க. முத்திரை போட்ட பாத்திரம் ஒவ்வொரு பங்க்லயும் இருக்கணும். அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும்தான் வித்தியாசம் அனுமதி.

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது முள் மாறுதே?

டீசல் ஒரு பக்கமா சாயுது. சமதளத்துல நிறுத்தி ரெண்டு நிமிசம் கழிச்சுப் பார்க்கிறதுதான் கணக்கு. ஆனா முள் அரையைக் காட்டி, எச்சரிக்கை லைட் எரிஞ்சா லைட்டை நம்புங்க. பல வண்டியில அதுக்குத் தனி சென்சார்.

காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அதிக பிரஷர்ல டீசல் போற வகை), டீசல் தீர்ந்து நின்னுருச்சு. பழைய வண்டி மாதிரி இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

கூடவே கூடாது. ஆயிரம் பாருக்கு (பார்ங்கிறது பிரஷர் அளவு) மேல பிரஷர் வரும், அந்த டீசல் பீச்சினா தோலைத் துளைச்சு உள்ள போகும். ஃபில்டர் பக்கம் இருக்கிற ஹேண்ட் பம்ப்பை இறுகுற வரைக்கும் அமுக்குங்க. பிறகு பத்துப் பதினஞ்சு செகண்டுக்கு மேல செல்ப் அடிக்காம, விட்டு விட்டு அடிங்க. பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய், வறட்டு ஓட்டம் ஓடினா உள்ள கீறி இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிரும்.

ஃப்ளோட்டைக் கழட்டும்போது டேங்க்ல சின்ன கசிவு பார்த்தேன். டேங்க் காலிதானே, வெல்டிங் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி, கையெடுத்துக் கும்பிடுறேன். காலி டேங்க்குல ஆவி நிக்கும். டீசல் எளிதா தீப்பிடிக்காதுன்னு சொல்லுவாங்க, வெல்டிங் சூட்டுல உள்ள ஒட்டியிருக்கிற டீசலே ஆவியாகி வெடிக்கும். டேங்க் வேலை மட்டுமே பார்க்கிற ஆள்கிட்டக் குடுங்க, இல்லை வேற டேங்க் போடுங்க.

பழைய முள்ளையே வச்சுக்கிட்டு நானே அளவு போட்டுக்கலாமா?

தாராளமா. சமதளத்துல டேங்க்கை வடிச்சிருங்க. அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் சாவியை ஆன் பண்ணி ரெண்டு நிமிசம் பொறுத்து, முள் எங்க நிக்குதுன்னு ஒரு அட்டையில படம் போட்டுக் குறிங்க. பழைய முள் உள்ள சூடேறித்தான் நகரும், அவசரப்பட்டா தப்பாக் குறிப்பீங்க. அடியில மூணு நாலு லிட்டர் பைப்புக்கு எட்டாது, அதைக் கணக்குல சேர்க்காதீங்க. அட்டையை டிரைவர் பக்கம் சன் வைசர்ல ஒட்டிருங்க. வண்டியை வித்தா, வாங்குறவர் கையில அதையும் சேர்த்துக் குடுங்க.