கணினிக் கேள்வி-பதில்: கவரில் முகவரி கோணலாக விழுகிறதா?

கேள்வி: எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கூட்ட அறிவிப்பு அனுப்புகிறோம். வேர்டில் இருந்து கவர் அச்சடித்தால் முகவரி ஓரமாகத் தள்ளிப்போகிறது. சில நேரம் தலைகீழாகவோ பின்பக்கத்திலோ விழுகிறது. பிரின்டர் பழுதா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பிரின்டர் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வேர்டு பெரும்பாலும் ‘சைஸ் 10’ என்ற அமெரிக்கக் கவரைத்தான் எடுத்துக்கொள்ளும். அது 9½ × 4⅛ அங்குலம். நம் கடைகளில் கட்டுக்கட்டாக விற்பது 9 × 4. அந்த அரை அங்குலம்தான் முகவரியைத் தள்ளுகிறது. பட்டியலில் உள்ள ‘டிஎல்’ (220 × 110 மி.மீ.) அளவும் இதற்குப் பொருந்தாது. மடிப்பை மூடி, ஸ்கேலால் அளந்துவிட்டு, மெயிலிங்ஸ், என்வலப்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போய் ‘கஸ்டம் சைஸ்’ எடுங்கள். 9 × 4 கவருக்கு 22.86 செ.மீ., 10.16 செ.மீ.

இதே அளவைப் பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸிலும் கொடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அங்கே ஏ4 என்றே இருந்தால், விளக்கு மினுக்கிக்கொண்டு பிரின்டர் சும்மா நிற்கும். அல்லது முகவரி கவரைத் தாண்டிப் போய்விடும். கவர் குறுகிய பக்கமாக உள்ளே நுழைவதால், பல பிரின்டர்களில் அகலம் 4, நீளம் 9 என்று மாற்றிப் போட வேண்டிவரும்.

தலைகீழ்ப் பிரச்சினைக்கு மருந்து, அதே ஆப்ஷன்ஸில் ‘பிரின்டிங் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உள்ள கவர் படங்கள். எந்தப் படம் உங்கள் பிரின்டருக்கு என்று ஊகிக்க வேண்டாம். ஒரு ஏ4 தாளில் 9 × 4 துண்டு இரண்டு வெட்டலாம். துண்டின் மேல்பக்கத்தில் பென்சிலால் ‘மேல்’ என்று எழுதி, நுழையும் திசைக்கு அம்புக்குறி போட்டு, ட்ரேயின் வழிகாட்டிகளைத் துண்டோடு ஒட்டி நகர்த்தி, அச்சடியுங்கள். எழுதிய பக்கத்தில் முகவரி விழுந்தால் ‘ஃபேஸ் அப்’, மறுபக்கம் விழுந்தால் ‘ஃபேஸ் டவுன்’. எழுத்து தலைகீழாக நின்றால் ‘க்ளாக்வைஸ் ரொட்டேஷன்’ பெட்டியை மாற்றுங்கள். அனுப்புநர் முகவரி மூலையில் வெட்டுப்பட்டால், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளுங்கள். வேறு பிரின்டர் மாட்டினால் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கேள்வி: கடிதத்தில் ஒழுங்காக இருக்கும் தமிழ் முகவரி, என்வலப்ஸ் பெட்டிக்குள் போனதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடுகிறது.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறீர்கள். அதில் கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு மாறினால் வேஷம் கலைந்துவிடும். முகவரிகளை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடில் தட்டுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு. அளவை மாற்றியும் தமிழ் மட்டும் பொடியாகவே வந்தால், எழுத்துருப் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் லதா அல்லது நிர்மலா யூஐ தேர்ந்து அளவையும் அங்கேயே கொடுங்கள். தமிழுக்கு வேர்டு அந்த இடத்தைத்தான் பார்க்கும். பின்கோடு (உங்களுக்கு 643217) கடைசி வரியில் இருக்கட்டும்.

கேள்வி: லேசர் பிரின்டரில் கவர் சுருங்குகிறது, மடிப்பும் ஒட்டிக்கொள்கிறது.
– ஒரு வாசகர், உதகை

பதில்: ஈரம். உங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில், திறந்து வைத்த கவர்க்கட்டு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். லேசரின் சூட்டு உருளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ்வரை போகும். அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகிக் கவர் சுருளும், மடிப்பின் கோந்தும் இளகும். கட்டை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்; வேண்டிய கவரை மட்டும் வெளியே எடுங்கள். பேப்பர் டைப்பில் ‘என்வலப்’ தேர்ந்தெடுங்கள். சில பிரின்டர்களில் பின்கதவைத் திறந்தால் கவர் வளையாமல் நேராக வெளியேறும். உருளை அழுத்தத்தைக் குறைக்கும் நெம்புகோல் இருந்தால் அதையும் தளர்த்துங்கள், வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள். கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த கவரையும், பட்டையை உரித்து ஒட்டும் கவரையும் சாதாரண லேசரில் விடவே கூடாது. உருகி உருளையில் பிடித்தால் கவரின் விலையோடு போகாது.