வேட்டைப் பாதுகாப்புப் பரீட்சை: வாசகர் கேள்வி பதில்

வருகிற நவம்பரில் மான் வேட்டைக்குப் போக ஆசை. ஒரு பரீட்சை போதும் என்கிறார் ஒருவர், இரண்டு என்கிறார் இன்னொருவர். எது சரி?
(வாசகர், ஸ்காபரோ)

ஒன்ராறியோவில் துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதென்றால் இரண்டு. முதலாவது, மத்திய அரசின் சட்டப்படி நடக்கும் கனேடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறி. வகுப்பு குறைந்தது 8 மணி நேரம். அதன் முடிவில் 50 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டிலும் தனித்தனியே 80 வீதம் எடுக்க வேண்டும். எழுத்தில் 50க்கு 50 எடுத்தாலும் செய்முறையில் 78 என்றால் தோல்விதான். இரண்டாவது, மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பரீட்சை. விலங்குகளை அடையாளம் காணுதல், வேட்டை விதிகள், காட்டில் உயிர் தப்பும் முறைகள் எல்லாம் இதில் வரும். வில்லோடு மட்டும் போகிறவருக்கு முதலாவது தேவையில்லை.

இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்தும் பயிற்றுநர்கள் உண்டு. ஆனால் பரீட்சை முடிந்த கையோடு துப்பாக்கி வாங்க முடியாது. முதன்முறை உரிமம் கேட்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, அதற்கு மேல் விண்ணப்பப் பரிசீலனையும் இருக்கிறது. நவம்பரில் மான் என்றால் வைகாசிக்குள் பரீட்சையை முடித்துவிடுங்கள்.

ஆங்கிலம் பேசுவேன், வாசிப்பேன். ஆனால் கையேட்டைத் திறந்தால் எல்லாச் சொல்லும் ஒன்றுபோலவே தெரிகிறது. எப்படிப் படிப்பது?
(வாசகர், மார்க்கம்)

தடுமாற்றத்துக்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் அல்ல. நாம் 'துப்பாக்கிக் குழல்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதைக் கையேடு நாலாகப் பிரிக்கிறது. குண்டு வெளியேறும் முனை மஸில். எதிர்முனை பிரீச். தோட்டா போய் உட்காரும் அறை சேம்பர். அங்கிருந்து மஸில் வரை ஓடும் உட்துளை போர். ஒரு தாளில் நீளமாகக் குழலை வரைந்து இந்த நாலையும் குறியுங்கள். பத்து முறை பார்க்காமல் வரைந்தால் கேள்விகளில் கணிசமான பங்கு தானாகப் புரிந்துவிடும்.

இன்னொரு பொறி தோட்டாவும் குண்டும். பேச்சில் இரண்டையும் கலந்து சொல்கிறோம். பரீட்சையில் கார்ட்ரிஜ் என்பது முழுத் தோட்டா: கோது, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. புல்லட் என்பது அந்த நுனிக் குண்டு மட்டும். 'புல்லட்டில் பிரைமர் எங்கே இருக்கிறது' என்ற மாதிரிக் கேள்வி வந்தால் யோசிக்காமல் விடை எழுதிவிடாதீர்கள்.

செய்முறைப் பரீட்சையில் என்ன செய்யச் சொல்வார்கள்? புள்ளி எங்கே போகும்?
(வாசகி, ஏஜாக்ஸ்)

மேசையில் செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளும் போலித் தோட்டாக்களும் இருக்கும். ஒன்றை எடுத்து அது வெறுமையானது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான தோட்டாவைத் தெரிந்து, ஏற்றி, இறக்கிக் காட்ட வேண்டும். பிடித்து நடக்கும் நிலைகளும் வேலி கடக்கும் முறையும் கேட்கப்படும்.

நிரூபிப்பதற்கான ஐந்து படிகளை ஆங்கிலத்தில் 'ப்ரூவ்' என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளில் கோர்த்திருக்கிறார்கள். பாதுகாப்பான திசைக்குத் திருப்பு. தோட்டா எல்லாவற்றையும் அகற்று. சேம்பரைப் பார். தோட்டா வரும் பாதையைச் சரிபார். போரைச் சோதி. வரிசை மாறக்கூடாது, அதற்குக் காரணமும் உண்டு. கழற்றக்கூடிய மகசீன் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) உள்ள ரைபிளில் மகசீனைக் கழற்றாமல், சேம்பரைத் திறந்து மூடும் போல்ட்டை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். 'காலியாகிவிட்டது' என்று நினைத்து போல்ட்டை முன்னே தள்ளினால் மகசீனிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே மகசீன் முதலில், போல்ட் பிறகு. முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும் பம்ப் சொட்கனில் மகசீன் குழலாகக் கீழே ஓடுவதால் அதற்குள் கடைசித் தோட்டா ஒளிந்திருக்கலாம். தோட்டாவைத் தள்ளும் சுருள்வில்லின் தட்டுக் கண்ணுக்குத் தெரியும் வரை சரிபார்த்து முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போரைப் பிரீச் பக்கத்திலிருந்தே பாருங்கள். சில லீவர் துப்பாக்கிகளில் அப்படிப் பார்க்க முடியாது, அப்போது துடைக்கும் கம்பியைப் பயன்படுத்தலாம். மஸிலுக்குள் கண்ணை வைப்பது ஒருபோதும் கூடாது.

படிகளை மறந்து தோற்பவர்களை விட மஸில் திசை தவறித் தோற்பவர்களே அதிகம். பயிற்றுநர் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல முகத்தைத் திருப்புவீர்கள், முகத்தோடு தோளும் தோளோடு குழலும் திரும்பி அவரையே நோக்கும். மற்றது விரல்: துப்பாக்கியைத் தூக்கியதும் அது தானாக விசையில் போய் அமரும். இரண்டும் கையின் பழக்கம், வாசித்துத் தீராது. ஒரு தும்புத்தடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சிவப்பு நாடா ஒட்டி அதை மஸில் என்று வையுங்கள். சமையலறையில் யாரோடாவது பேசியபடி, குனிந்து, திரும்பி, கதவைத் திறந்து பாருங்கள். நாடா ஒரு தடவையும் ஆளை நோக்கக் கூடாது, சுட்டுவிரல் தடியின் பக்கவாட்டில் நீட்டியே இருக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு வாரம்.

12 கேஜ், 20 கேஜ் வித்தியாசம் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது? சின்னத் தோட்டா பெரிய துப்பாக்கியில் வெடிக்காதுதானே?
(வாசகர், பிரம்டன்)

வெடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. கேஜ் என்பது சொட்கன் குழலின் உள்விட்டத்துக்கான அளவு; எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ அதுவே 12 கேஜின் உள்விட்டம், இருபதாக்கினால் 20 கேஜ். 20 கேஜ் தோட்டாவை 12 கேஜில் போட்டால் அது சேம்பரைத் தாண்டி வழுக்கி, குழலுக்குள் சிக்கி நிற்கும். திறந்து பார்த்தால் சேம்பர் காலி. 'ஏற்ற மறந்துவிட்டேன்' என்று ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னே அடைத்து நிற்கும் தோட்டாவில் மோதிக் குழல் பிளக்கும். குழலைத் தாங்கும் இடது கை அங்கேதான் இருக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதைத் தடுக்கத்தான். நிறத்தை மட்டும் நம்பாமல் குழலில் பொறித்த எழுத்தையும் தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தையும் ஒப்பிடுங்கள். பரீட்சையிலும் அதைப் பரீட்சகருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

மூன்று பேர் வரிசையில் நடக்கும்போது யார் எப்படிப் பிடிப்பது? வேலி வந்தால்?
(வாசகர், மிசிசாகா)

ஒவ்வொரு நிலையிலும் மஸில் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள், விடை வந்துவிடும். தோளில் சாய்த்தால் மஸில் பின்னால், ஆகவே முன்னே போகிறவருக்கு அது ஆகாது. கையில் தொங்கவிட்டோ முழங்கையில் மடித்தோ பிடித்தால் மஸில் முன்னால், ஆகவே கடைசி ஆளுக்கு ஆகாது. இரண்டு கையாலும் பிடித்து மஸிலை மேல்நோக்கி வைப்பது நடுவில் நிற்பவருக்கு நல்லது.

வேலி தனியாகக் கடப்பதென்றால்: தோட்டாவை இறக்கி, வெறுமையென நிரூபித்து, தோட்டா ஏற்றி இறக்கும் பகுதியான ஆக்‌ஷனைத் திறந்தே வைத்து, மஸில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நோக்க வேலியின் அடியால் துப்பாக்கியை வையுங்கள். பிடிப்பக்கமாக நீங்கள் கடந்து போய் எடுங்கள், எடுத்ததும் போரில் மண், பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

செம்மஞ்சள் தொப்பி மட்டும் போதாதா?
(வாசகி, ஓஷாவா)

போதாது. மான், மூஸ் துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் செம்மஞ்சள் உடை குறைந்தது 2,580 சதுர சென்டிமீட்டர், அதாவது 400 சதுர அங்குலம், எல்லாப் பக்கமும் தெரியும்படி இருக்க வேண்டும். அதற்கு மேலதிகமாகத் தொப்பியும் வேண்டும். இலை வடிவம் அச்சிட்ட செம்மஞ்சள் மேலங்கி இந்தக் கணக்கில் சேராது. முதுகுப்பை மேலங்கியை மூடுகிறதா என்றும் பாருங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால்?
(வாசகர், விற்பி)

உடனே திறக்காதீர்கள். பிரைமர் மெதுவாகப் பற்றி, சில கணம் கழித்தும் வெடிக்கலாம். மஸிலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 60 விநாடி எண்ணுங்கள், பிறகு திறந்து தோட்டாவை அகற்றுங்கள். வெடித்த சத்தம் வழக்கத்தை விடச் சின்னதாக, 'புஸ்' என்று கேட்டால் அது வேறு பிரச்சினை: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். இறக்கி, போரைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.